யதார்த்தமும் ஒரு சைக்கிளும்

நண்பர் ஒருவர் நாடகம் எழுதியிருக்கிறார். 2015 டிசம்பர் 1 இரவு, செம்பரம்பாக்கம் ஏரியின் மதகடியில் நடக்கிறது. ஒரே களம்: ஓர் அறை, ஒரு மேஜை, நீர்மட்டம் எழுதும் பதிவேடு, ஒரு டார்ச் லைட், சுவரில் சாய்த்து வைத்த சைக்கிள். பாத்திரங்கள் மூன்று பேர். முக்கியமானவன் ஷட்டரை இயக்கும் லஸ்கர். வெளியே மழை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு மொட்டை மாடியில் ஐந்தாறு பேர் உட்கார்ந்து அதைப் படிக்கக் கேட்டோம். அங்கிருந்து பார்த்தால் ஏரிக்கரை தெரியும்.

முதல் இரண்டு காட்சிகள் முடிந்தபோது யாருக்கும் பேச்சு எழவில்லை. உத்தரவுக்காகக் காத்திருக்கும் அலுப்பு, நனைந்துபோன பீடிக்கட்டு, டிபன் டப்பாவில் ஆறிய சோறு, அரைமணிக்கு ஒருதரம் எழுந்துபோய் அளவைப் பார்த்து எழுதிவிட்டு மறுபடி உட்காருவது. அந்த லஸ்கர் பேசியது லஸ்கரின் பேச்சு. நண்பர் தன் குரலை அவன் வாயில் திணிக்கவில்லை. மூன்றாவது காட்சியில் அவன் பதிவேட்டைத் தூக்கி எறிகிறான். சைக்கிளை எடுத்துக்கொண்டு, ஆற்றங்கரையில் தூங்குகிறவர்களை எழுப்ப மழைக்குள் போகிறான். திருமுடிவாக்கம், அனகாபுத்தூர் என்று ஊர்களின் பெயர்களைக் கத்திக்கொண்டே போகிறான். திரை.

ஒருவர் கைதட்டினார். இன்னொருவர் “கெடுத்துட்டீங்க” என்றார். யதார்த்தமாகத் தொடங்கி ரொமான்டிக்காக முடித்துவிட்டதாகக் குற்றச்சாட்டு. நானும் அந்தக் கட்சிதான். இரண்டு மணி நேரம் வாதாடினேன். அன்று பேசியதில் பாதியை இன்று என்னால் ஏற்க முடியவில்லை. எந்தப் பாதி என்று எனக்கே தெளிவாக வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

யதார்த்தம், ரொமான்டிக் ஆகிய இரண்டையும் நாம் வசவாகவும் பாராட்டாகவும் புழங்கிப் புழங்கித் தேய்த்துவிட்டோம். நாடகத்தைப் பொறுத்தவரை குழப்பம் இன்னும் அதிகம். ஏனெனில் மேடையில் யதார்த்தம் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது சாமான்கள். 1887-ல் பாரிஸில் ‘சுதந்திர நாடக அரங்கை’ ஆரம்பித்த ஆந்த்ரே ஆந்த்வான் ஒரு காஸ் கம்பெனி குமாஸ்தா. (குமாஸ்தாக்களுக்கு இதில் ஓர் அல்ப சந்தோஷம்.) மறு வருஷம் அவர் போட்ட கசாப்புக்காரர்கள் பற்றிய ஒரு நாடகத்தில் நிஜ மாட்டிறைச்சியையே மேடையில் தொங்கவிட்டார். அதே 1888-ல் ஸ்ட்ரிண்ட்பெர்க் ‘மிஸ் ஜூலி’க்கு எழுதிய முன்னுரையில், சமையலறைப் பாத்திரங்களைத் துணியில் வரைந்து தொங்கவிடும் வழக்கத்தைக் கைவிடச் சொன்னார். இருவருக்கும் முன்னால் ஸோலா, மனிதனை அவனுடைய பரம்பரையும் சூழலும் உருவாக்குகின்றன, அதை மேடையில் நிரூபிப்பதே நாடகக்காரனின் வேலை என்று வாதாடியிருந்தார். நாச்சுரலிஸம் என்று பெயர் பெற்றது இதுதான். சாமான்கள் அதன் அத்தாட்சிகள். சாட்சி சொல்லவேண்டியவர்கள் மனிதர்கள்.

நம்மிடம் அத்தாட்சிகள் வந்து சேர்ந்தன, சாட்சி வரவில்லை. 1891-ல் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் விடிய விடிய நடந்த நாடகத்தைச் சில மணி நேரத்துக்குள் கொண்டுவந்தார்; பாட்டின் இடத்தில் வசனத்தை உட்காரவைத்தார். அது பெரிய காரியம். ஆனால் அந்த வசனத்தைப் பேசியவர்களில் பெரும்பாலோர் ராஜாக்களும் ராஜகுமாரர்களும். பின்னால் வந்த சபா நாடகங்களில் ராஜாக்கள் போய் நடுத்தரக் குடும்பம் வந்தது. சோபா வந்தது, டெலிபோன் வந்தது, உள்ளேயிருந்து நிஜ குக்கர் விசில் அடித்தது. அந்த விசிலைச் சுற்றி நின்று, தொங்குகிற மைக்குக்குக் கீழே ஒண்டிக்கொண்டு, எந்த வீட்டிலும் யாரும் பேசியிராத வாக்கியங்களைப் பேசினார்கள். குக்கர் நிஜம் என்பதால் பேச்சும் நிஜம் என்று நம்பப் பழகினோம்.

இந்தப் பிரதேசத்துக்குக் கூத்து சொந்தம். திரௌபதி அம்மன் கோயில் பாரதம் நடக்கிற ஊர்கள் இங்கிருந்து காஞ்சிபுரம், செய்யாறு வரைக்கும் உண்டு. கூத்தில் இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். திரைக்குப் பின்னாலிருந்து வருகிறவன் தான் துரியோதனன் என்று தானே அறிவிக்கிறான். கட்டியங்காரன் அவனைக் கேலி செய்கிறான். ‘இது வாழ்க்கை’ என்று அங்கே யாரும் சத்தியம் செய்யவில்லை. 1977-ல் கூத்துப்பட்டறையைத் தொடங்கிய ந. முத்துசாமி கூத்தின் பக்கம் போனதற்கு என்னென்னவோ காரணங்கள் சொல்லலாம். எனக்குப் படுகிற ஒரு காரணம், குக்கர் மேடையின் பொய்யில் அவருக்கு மூச்சு முட்டியிருக்கும் என்பது. கூத்து பொய்சாட்சி சொல்லமுடியாது, ஏனெனில் அது சாட்சிக்கூண்டில் ஏறவேயில்லை. நாச்சுரலிஸ மேடை மட்டும்தான் ‘நடந்தது இப்படித்தான்’ என்று பிரமாணம் எடுத்துக்கொண்டு பேசத் தொடங்குகிறது. அங்கே ரொமான்டிக் பார்வை நுழையும்போது அது ரஸனைப் பிரச்சினையாக மட்டும் நின்றுவிடாமல் நெறிப் பிரச்சினையாகவும் ஆகிவிடுகிறது. அன்று மொட்டை மாடியில் என் வாதம் இவ்வளவுதான்: நண்பரின் லஸ்கர் பிரமாணம் எடுத்துக்கொண்டவன், ஆகவே சைக்கிளில் ஏற அவனுக்கு உரிமையில்லை.

இந்த வாதத்துக்கு எதிரான சாட்சிகளும் நாச்சுரலிஸத்தின் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள். இப்ஸனின் ‘காட்டு வாத்து’ 1884-ல் வந்தது. ஒரு போட்டோகிராபரின் வீடு. கனவுகளுக்கு அங்கே பஞ்சமே இல்லை. வீட்டுக்காரன் ஏதோ கண்டுபிடித்துக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தப்போவதாக நம்புகிறான்; கிழவன் பரணில் முயல்களையும் ஒரு காட்டு வாத்தையும் வைத்துக்கொண்டு அதைக் காடு என்று பாவித்து வேட்டையாடுகிறான். இத்தனை கனவுகள் இருந்தும் நாடகம் கறாரான யதார்த்தம். ஏனெனில் கனவு காண்கிறவர்கள் மேடையில் இருக்கிறார்கள். இப்ஸன் அந்தக் கனவின் சோற்றுச் செலவை யார் கொடுக்கிறார்கள், எந்தப் பெண் கணக்கு எழுதுகிறாள் என்பதைக் காட்டிக்கொண்டே இருக்கிறார். பிறகு உண்மையைச் சொல்லியே தீருவேன் என்று ஒருவன் வருகிறான். சொல்கிறான். அந்த வீட்டுப் பதினான்கு வயதுப் பெண் சுட்டுக்கொண்டு சாகிறாள். நாடகத்திலேயே மோசமான ரொமான்டிக் யாரென்றால் இந்த உண்மை விளம்பிதான். விமரிசகர்கள் இவனை அடிக்கடி நினைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது சாட்சி ஐரிஷ்காரரான ஸிஞ்ச். இப்ஸனும் ஸோலாவும் வாழ்க்கையின் நிஜத்தை வெளிறிய, சந்தோஷமற்ற பாஷையில் சொல்கிறார்கள் என்று குறைப்பட்டவர் அவர். மேடைக்கு நிஜமும் வேண்டும், ஆனந்தமும் வேண்டும் என்றார். 1907-ல் டப்ளின் அபே தியேட்டரில் மேடையேறிய அவருடைய ‘மேற்குலகின் பிளேபாய்’ நாடகத்தில், அப்பனைக் கொன்றுவிட்டு ஓடிவந்ததாகச் சொல்லும் ஒரு சோனிப் பையன் ஒரு குக்கிராமத்துச் சாராயக்கடையில் தஞ்சம் புகுகிறான். சொல்லச் சொல்லக் கதை வளர்கிறது, ஊர் அவனை வீரனாக்குகிறது. செத்ததாகச் சொன்ன அப்பன் மண்டைக்கட்டோடு வந்து நிற்கிறான். எல்லோர் கண்ணெதிரிலும் பையன் அவனை மறுபடி அடித்து வீழ்த்தியதும் இதே ஊர் இவனைக் கயிற்றால் கட்டுகிறது. கதையாகக் கேட்டபோது இனித்த கொலை கொல்லைப்புறத்தில் நடந்தபோது அருவருப்பாகிவிட்டது. ஸிஞ்ச் தன் ரொமான்டிக் வேட்கையை அடக்கவில்லை. அந்த ஊருக்கு அதைக் கொடுத்துவிட்டு, பிறகு அந்த ஊரைக்கொண்டே அதற்கு விலை கொடுக்க வைத்தார். அதற்காக டப்ளினில் ரகளையே நடந்தது.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோமல் சுவாமிநாதனின் ‘தண்ணீர் தண்ணீர்’ நினைவுக்கு வரும். 1980-ல் மேடையேறிய அந்த நாடகத்தை நான் மேடையில் பார்த்ததில்லை. அச்சில் படித்தவன், 1981-ல் பாலசந்தர் எடுத்த படத்தைப் பார்த்தவன். அங்கேயும் ஒரு கொலைக்காரன் ஓடிவருகிறான். கோவில்பட்டிப் பக்கத்து வறண்ட கிராமம் அத்திப்பட்டி. வெள்ளைச்சாமி மாட்டுவண்டி கட்டித் தொலைவிலிருந்து தண்ணீர் கொண்டுவருகிறான், ஊர் அவனைக் காப்பாற்றி வைத்துக்கொள்கிறது. ஐரிஷ் கிராமத்துக்குத் தேவை ஒரு கதை. அத்திப்பட்டிக்குத் தேவை தண்ணீர். கதைக்காக வரித்த வீரனைக் கைவிட்டுவிடலாம், தண்ணீருக்காக வரித்தவனைக் கைவிட முடியாது. சபா மேடையில் ஒரு ஊரின் தாகத்தை மையத்தில் வைத்ததே எத்தனை பெரிய மாற்றம் என்பதை இன்று ஊகித்துத்தான் பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில் சென்னையே தண்ணீருக்குத் திண்டாடிக்கொண்டிருந்தது. வீராணம் திட்டத்துக்கான ராட்சதக் குழாய்கள் சாலையோரத்தில் சும்மா கிடந்தன. பார்வையாளர்களுக்குத் தாகம் அன்னிய விஷயமாக இருந்திருக்காது.

ஆனாலும் எனக்கு ஒரு சந்தேகம் தீரவில்லை. வெள்ளைச்சாமியின் கொலை மேடைக்கு வெளியே, பழைய காலத்தில் கிடக்கிறது. அந்த ரத்தத்தை நாம் பார்க்கவேண்டிய அவசியம் வரவில்லை. ஐரிஷ்காரன் கொல்லைப்புறத்துக்கு இழுத்துவந்ததை இவர் தொலைவிலேயே விட்டுவிட்டார். அதனால் வெள்ளைச்சாமி ஊரின் கனவாக இருப்பதோடு, நாற்காலியில் சாய்ந்திருக்கும் நம் கனவாகவும் ஆகிவிடுகிறான். நமக்குப் பதிலாக அவன் வண்டி ஓட்டுகிறான், நமக்குப் பதிலாக அவன் எதிர்க்கிறான். நாம் கைதட்டி நம் கணக்கைத் தீர்த்துக்கொண்டு பஸ் பிடிக்கப் போகலாம். யதார்த்த, ரொமான்டிக் பார்வைகளுக்கு இடையே நான் வைக்க விரும்பும் கோடு இதுதான்: கனவு யாருடையது? பாத்திரத்தின் கனவு என்றால் அது யதார்த்தத்தின் ஒரு பகுதி, பசியைப்போல அதுவும் ஒரு நிஜம். பார்வையாளனுக்குப் பிரசாதமாகக் கொடுக்கப்படும் கனவுதான் பொய்சாட்சி.

அந்த நாடகத்தில் பிரசாதமாக மாற மறுக்கும் பகுதி ஒன்று உண்டு. ஊரே கூடித் தண்ணீர் கொண்டுவரக் கால்வாய் வெட்டுகிறது, அனுமதியில்லை என்று அரசாங்கம் குறுக்கே வருகிறது. விதி இருக்கிறது, அதற்கொரு பாஷை இருக்கிறது, அமல்படுத்த ஆட்கள் இருக்கிறார்கள். ஓர் அரசியல்வாதியைத் திட்டித் தீர்த்துவிடலாம், விதியைத் திட்ட முடிவதில்லை. நாடகத்தின் மிக உண்மையான இடம் இதுவே என்று நெடுநாள் நம்பியிருந்தேன். நான் உட்காரும் பாங்க் கவுண்டரிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். நகைக்கடன் கெடு தாண்டி, ஏலம் முடிந்த மறுநாள் ஒரு கிழவி வந்தாள். தாலியில் கோத்திருந்த குண்டு. ரூல் அப்படித்தாம்மா என்றேன். “அது யாருப்பா சொன்னது?” என்று கேட்டாள். சுற்றறிக்கை என்று ஒன்று உண்டு, அதில் கையெழுத்துப் போட்டவர் மாற்றலாகிப் போயிருப்பார், அவருக்கும் மேலே ஒரு சுற்றறிக்கை இருந்திருக்கும். பதில் சொல்ல எனக்கு ஒரு பெயரும் கிடைக்கவில்லை. வில்லனே இல்லாத இந்தக் காட்சிதான் நம் காலத்து யதார்த்தம், இதை எழுதத் தெரியாமல்தான் நாம் வில்லன்களையும் வீரர்களையும் எழுதிக்கொண்டிருக்கிறோம் என்று இதே வட்டத்தில் பலமுறை பேசியிருக்கிறேன்.

மொட்டை மாடியிலும் இதையே சொன்னேன். அன்றிரவு இந்த ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி வரை தண்ணீர் திறந்தார்கள். 24 அடி ஆழம், 3,645 மில்லியன் கனஅடி கொள்ளளவு கொண்ட ஏரி. அதன் உபரி நீருக்கு அடையாற்றைத் தவிர வேறு போக்கு கிடையாது. 2018-ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை, நீர் திறக்கப்பட்ட விதத்தைக் குறை சொன்னது. அரசுத் தரப்பு அசாதாரண மழையைக் காரணம் காட்டியது. இதில் ஒரு லஸ்கர் செய்யக்கூடியது என்ன? அவன் உத்தரவு வந்தால் திறப்பான், வராவிட்டால் காத்திருப்பான். அவனை அறையிலேயே உட்காரவையுங்கள், அளவு எழுதவையுங்கள், அத்தோடு திரையைப் போடுங்கள் என்றேன்.

நண்பர் கேட்டார்: “சரி, அன்னைக்கு ராத்திரி நீங்க என்ன பண்ணீங்க?”

சொன்னேன். அன்று மாலை கரையோரம் போய்விட்டு வந்தேன். இன்னும் அதிகமாகத் திறக்கப்போகிறார்கள் என்று அங்கே நின்றவர்கள் பேசிக்கொண்டார்கள். ஜாபர்கான்பேட்டையில் ஆற்றை ஒட்டிய தெருவில் என் சித்தி குடியிருந்தாள். ஒரே காம்பவுண்டில் மூன்று போர்ஷன். போன் வேலை செய்துகொண்டிருந்தது. சர்டிபிகேட்டுகளை எடுத்துக்கொண்டு உடனே கே.கே. நகரில் மாமா வீட்டுக்குப் போய்விடு சித்தி என்றேன். போனாள், தப்பித்தாள். மற்ற இரண்டு போர்ஷன்காரர்கள் ராத்திரி விழித்தபோது கட்டில் மட்டத்துக்குத் தண்ணீர். இரண்டு நாள் மொட்டை மாடியில் இருந்தார்கள். உயிர் போகவில்லை, மற்றதெல்லாம் போயிற்று. “அவங்ககிட்ட சொல்லலையா சித்தி?” என்று பிற்பாடு கேட்டேன். “நீயே நிச்சயமா தெரியலைன்னுதானே சொன்னே? ஊரைக் கலவரப்படுத்தறதா?” என்றாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. எனக்கும் நிச்சயமாகத் தெரியாதுதான். ஆனால் என் சித்திக்குச் சொல்லும் அளவுக்குத் தெரிந்திருந்தது.

இதுதான் யதார்த்தம் என்று முடித்தேன். தெரிந்தவன் தன் ஆட்களுக்கு மட்டும் சொல்கிறான். லஸ்கர் போனை எடுத்துத் தன் தங்கைக்கு மட்டும் சொல்லட்டும், அது போதும் மூன்றாவது காட்சிக்கு. எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். கைதட்டிய நண்பரும் தலையை ஆட்டினார். நாடகாசிரியர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “உங்ககிட்டயும் ஒரு சைக்கிள் இருந்ததே” என்றார்.

இருந்தது. வாசல் சுவரில் சாய்ந்து நனைந்துகொண்டிருந்தது.

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. ஆனாலும் அந்த ஒரு வாக்கியத்தில் என் யதார்த்தக் கொள்கை ஆட்டம் கண்டுவிட்டது. எல்லாம் விதி, எல்லாம் சுற்றறிக்கை, யாரும் பொறுப்பில்லை என்பது நிதானமான பார்வைபோலத் தெரிகிறது. ஆனால் அதுவும் ஒரு கனவுதான். ஒரு குமாஸ்தாவுக்கு அதைவிட இதமான கனவு வேறு கிடையாது. ஏலத்துக்கு முந்தின நாள் அந்தக் கிழவிக்கு ஆள் விட்டுச் சொல்லியிருக்கலாம்; எந்தச் சுற்றறிக்கையும் அதைத் தடுக்கவில்லை. ஸோலாவின் மனிதன் பரம்பரையும் சூழலும் செய்த பொம்மை. பொம்மைக்குக் குற்றவுணர்வு இருக்க நியாயமில்லை, ஆனால் எனக்கு இருக்கிறது. அப்படியானால் அந்த மனித சித்திரத்தில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. வேறு மாதிரியும் செய்திருக்கலாம் என்ற ஒரு சின்ன இடைவெளி அது. அந்த இடைவெளியை விடாமல் நினைவுபடுத்திக்கொண்டிருந்தவர்கள் நாம் ஏளனம் செய்த ரொமான்டிக்குகள். மிகைப்படுத்தினார்கள், கூச்சலிட்டார்கள், மழையில் ஊர்ப்பெயர்களைக் கத்தினார்கள் என்பதெல்லாம் வாஸ்தவம். ஆனால் ஓர் ஆள் சைக்கிளில் போய் எத்தனை வீட்டை எழுப்பமுடியும் என்ற கேள்விக்கு, பத்து வீடு என்ற பதிலும் யதார்த்தமான பதிலே.

ஆகவே நான் போட்ட கோட்டைக் கொஞ்சம் திருத்திப் போடவேண்டியிருக்கிறது. பார்வையாளனைச் சும்மா விட்டுவிடும் எதுவும் பொய்சாட்சி. அவனுக்காக ஒரு வீரனைச் செயல்படவைத்து அவனை விட்டுவிடலாம், யாராலும் செயல்பட முடியாது என்று நிரூபித்தும் விட்டுவிடலாம். முதலாவது ரொமான்டிக் பொய். இரண்டாவது யதார்த்தப் பொய், நமக்குள் அதிக மரியாதை பெற்றது. இப்ஸனும் ஸிஞ்சும் இரண்டையும் செய்யவில்லை. கோமல் முதலாவதில் சறுக்குகிறார் என்பது என் அபிப்பிராயம், ஆனால் அந்தக் கால்வாயைத் தோண்ட ஊரைக் கூட்டியபோது இரண்டாவதிலிருந்து அவர் தப்பித்துவிட்டார். ஆட்கள் மண்வெட்டியோடு இறங்கமுடியும் என்பதை அவர் மறக்கவில்லை. நான் மறந்திருந்தேன்.

இந்த ஏரி பாசன ஏரியாக இருந்து நகரத்துக் குடிநீர் ஏரியாக ஆனது. 2007-லிருந்து நாளுக்கு 53 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் நிலையம் இங்கே இருக்கிறது. 2015-ல் நகரத்தை மூழ்கடித்த ஏரி, 2019 கோடையில் தரை வெடித்துக் கிடந்தது. அத்திப்பட்டியும் வெள்ளமும் நாலு வருஷ இடைவெளியில் ஒரே கரைக்கு வந்துவிட்டன. இங்கே உட்கார்ந்து நாடகம் எழுதுகிறவனுக்கு விஷயப் பஞ்சம் கிடையாது. விஷயத்தை வைத்துக்கொண்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளாமல் எழுதுவதுதான் கஷ்டம்.

நண்பர் மூன்றாவது காட்சியைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறார். லஸ்கர் தங்கைக்குப் போன் செய்கிறான். பதிவேட்டில் அளவு எழுதுகிறான். டப்பாவை மூடுகிறான். ஒருமுறை எழுந்து சைக்கிள்வரை போகிறான், ஹாண்டில்பாரில் கை வைக்கிறான், திரும்பி வந்து உட்காருகிறான். திரை விழுவதில்லை, விளக்குகள் எரிந்துகொண்டே இருக்கவேண்டும், ஜனங்கள் எழுந்து போகும்வரை சைக்கிள் மேடையில் இருக்கவேண்டும் என்று குறிப்பு எழுதியிருக்கிறார். எந்த சபா இதற்குத் தேதி கொடுக்கும் என்று தெரியவில்லை. சைக்கிள் வேண்டுமென்றால் என்னுடையதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.